பூட்டிய பெட்டிக்குள் விளையாட்டு இல்லை

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் 'சுப்பர் மாரியோ பிறதேர்ஸ்' என்னும் பழைய வீடியோ விளையாட்டின் காட்ரிட்ஜ் ஒன்று இருபது இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. முதலீட்டாளர் பலர் பங்குகளாகப் பிரித்து உடைமை கொண்டிருந்த பொருள் அது. 1985இல் வெளிவந்த அவ்விளையாட்டு அரியதொன்றன்று; கோடிக்கணக்கில் விற்பனையானது. ஆயின் இந்தக் காட்ரிட்ஜின் உறை மட்டும் பிரிக்கப்படவில்லை. எவரும் ஒருநாளேனும் அதனை ஆடிப் பார்க்கவில்லை என்பதே அதன் பெறுமதி. உறையைப் பிரித்து ஆடத் தொடங்கும் கணத்தில் அந்த இருபது இலட்சமும் மறைந்துபோகும். ஆடுவதற்கென ஆக்கப்பட்ட பொருள், ஆடப்படாமையாலே மதிப்புப் பெறுகின்றது. பரிமாற்ற மதிப்பு பயன்மதிப்பை விழுங்கும் விதத்தை விளக்குவதற்கு இதனிலும் தெளிவானதோர் உதாரணம் கிடைப்பது அரிது.

பழைய வீடியோ விளையாட்டுக்களையும் அவற்றுக்குரிய பொறிகளையும் துணைக்கருவிகளையும் தேடி எடுத்து இரசிப்போர் இன்று உலகெங்கும் உளர். இவர்களை நம் கலைத்துறை நண்பர்கள் இரு சொற்களால் ஒதுக்கிவிடுகின்றனர். ஒன்று 'சிறுபிள்ளைத்தனம்'; மற்றையது 'பழைமை மோகம்'. இவ்விரு தீர்ப்புக்களும் ஆராயாது வழங்கப்பட்டவை என்பதும், பழைய விளையாட்டு ஆடப்படும்போது மட்டுமே பாதுகாக்கப்படுகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில், இவை பக்குவமற்ற ஆக்கங்கள் என்ற கூற்றை நோக்குவோம். 1977இல் வெளிவந்த அட்டாரிப் பொறியின் நினைவகம் 128 பைற்றுக்கள் மட்டுமே. இந்த வாக்கியத்தின் தமிழ் எழுத்துக்களைக்கூட இன்றைய கணினிக் குறியீட்டு முறையில் அதனுள் முழுமையாக அடக்க இயலாது. முழுத் திரையையும் நினைவில் வைத்திருக்க வழியின்மையால், தொலைக்காட்சியின் ஒளிக்கற்றை ஒவ்வொரு கோடாக இறங்கிவருகையில் அதற்கு ஈடுகொடுத்துக் கோடு கோடாகப் படத்தை வரைய வேண்டியிருந்தது. மேற்குறித்த 'மாரியோ' விளையாட்டு முழுவதும் ஏறத்தாழ 40 கிலோபைற்றுக்களுள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் நிலத்துப் புதரும் ஒரே உருவம். நிறம் மட்டுமே வேறு. 1978இல் யப்பானில் தொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். வரையவேண்டிய உருவங்கள் குறைந்ததும் பொறியின் வேகம் கூடியதே அதற்குக் காரணம். கருவியின் குறைபாட்டையே அவர் ஆட்டத்தின் பதற்றமாக மாற்றிக்கொண்டார். யாப்பின் இறுக்கத்துள் நின்று கவிதை செய்தவனைப் போற்றும் நாம், இத்தகைய இறுக்கத்துள் நின்று ஆக்கம் செய்தவனைப் பக்குவமற்றவன் என்று எவ்வாறு கூறுவது?

அடுத்து, பழைமை மோகம் என்ற குற்றச்சாட்டு. இளமைக்கால நினைவு இந்த இரசனையில் கலந்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்விளையாட்டுக்கள் வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர்களும் இன்று இவற்றை ஆடுகின்றனர். அவர்கள் எந்த இளமையை எண்ணி ஏங்குகின்றனர்? துணைக்கருவிகளை எடுத்துக்கொண்டால் உண்மை மேலும் தெளிவாகும். நின்ரெண்டோவின் ஒளித்துப்பாக்கி குண்டையோ ஒளியையோ வெளிவிடுவதன்று. திரையின் ஒளியை உள்வாங்குவது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கும். இலக்கு இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அவ்வெண்மையைத் துப்பாக்கி கண்டால் வாத்து வீழும். படக்குழாய்த் தொலைக்காட்சி ஒளியைப் பாய்ச்சும் முறையையும் நேரத்தையும் நம்பி அமைக்கப்பட்ட அத்துப்பாக்கி, இன்றைய தட்டைத் திரையின் முன் குருடாகிவிடுகின்றது. எனவே பழைய படக்குழாய்ப் பெட்டியொன்றை வீட்டில் வைத்திருப்பவனை ஏளனம் செய்வோர் ஒன்றை மனங்கொளல் வேண்டும். அப்பெட்டி இல்லையேல் அந்த விளையாட்டு அதன் இயல்பான வடிவில் இல்லை.

இவ்விடத்தில் மற்றுமொரு வரலாற்றுச் செய்தி நோக்கற்பாலது. எழுபதுகளின் பிற்பகுதியில் அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுக்களை ஆக்கியவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை. உழைப்பு ஒருவருடையது; பெயரும் இலாபமும் நிறுவனத்தினுடையன. இதனை ஏற்காத நிரலாளர் சிலர் வெளியேறி 1979இல் அக்ரிவிஷன் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். வாரன் றொபினெற் என்பவரோ 'அட்வென்சர்' என்னும் தம் விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்து, அதற்குள் தம் பெயரை எழுதிவைத்தார். நிறுவனம் அதனை அறியவில்லை. அவர் விலகிச் சென்ற பின்னர், அவ்விளையாட்டை ஆடிய சிறுவன் ஒருவனே அந்த அறையைக் கண்டுபிடித்தான். உழைப்பாளியின் கையொப்பத்தை உலகிற்கு வெளிப்படுத்தியது ஏலக் கடையன்று, அரும்பொருட் காட்சியகமுமன்று, ஆட்டமே. அந்தக் காட்ரிட்ஜ் உறை பிரிக்கப்படாது கண்ணாடிப் பேழையுள் இருந்திருப்பின் அப்பெயர் இன்றும் இருளில் கிடந்திருக்கும்.

ஏலக்காரன் ஒரு பக்கம் பூட்டுகின்றான் எனில், உரிமையாளனான நிறுவனம் மறுபக்கம் பூட்டுகின்றது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களுள் 87 சதவீதமானவை இன்று விற்பனையில் இல்லை என வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றமும் மென்பொருட் பாதுகாப்பு வலையமைப்பும் 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் நின்ரெண்டோ தன் இரு பொறிகளுக்குரிய இணைய விற்பனை நிலையங்களை மூடியது. நூலகங்கள் தம்மிடமுள்ள, விற்பனையில் இல்லாத விளையாட்டுக்களை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்க அனுமதி கோரின. 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அதிகாரிகள் அதனை மறுத்தனர். மறுப்புக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, ஆய்வுக்கெனக் கொடுக்கப்படுபவை பொழுதுபோக்குக்காகவும் ஆடப்படலாம் என்ற அச்சம்! நாவலை நூலகத்திற் படிப்பவன் இன்புற்றுவிடுவானோ என்று அஞ்சி எவரேனும் நூலகத்தின் கதவை அடைப்பதுண்டா? இன்பத்தைக் குற்றமாகக் கருதும் சட்டம், விளையாட்டைப் பற்றி எதனையும் அறியாத சட்டமாகும்.

ஆக்கியவனுக்கு ஊதியம் வேண்டாமா என எதிர்த்தரப்பினர் வினவலாம். வேண்டும். விற்பனையில் உள்ளதை விலைகொடுத்து வாங்குவதே முறை. ஆனால் விற்கவும் மாட்டேன், பிறர் காக்கவும் விடேன் என்பது ஆக்கியவனைக் காக்கும் வாதமன்று. 2016இல் நின்ரெண்டோ தன் பழைய பொறியைச் சிறிய வடிவில் மீண்டும் விற்றது. அமெரிக்காவில் அப்பொறிக்கு வெளிவந்த அறுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுக்களுள் அதில் இடம்பெற்றவை முப்பது மட்டுமே. எஞ்சியவற்றைச் சந்தை நினைவில் வைத்திருக்காது. சந்தை நினைவில் வைத்திருப்பது விலைபோகக் கூடியதை மட்டுமே.

மூன்றாம் உலகத்தவராகிய எமக்கு இப்பிரச்சினையின் மற்றொரு முகமும் தெரியும். 'அசல்' என்ற சொல்லைச் செல்வந்த நாட்டுச் சேகரிப்பாளர் பயபக்தியுடன் உச்சரிக்கின்றனர். உலகின் பெரும்பகுதிக்கு அசல் வந்து சேரவேயில்லை. ரஷ்யாவில் 1992இல் விற்பனைக்கு வந்த 'டெண்டி' நின்ரெண்டோப் பொறியின் பிரதி. ஒரு தலைமுறை அதிலேயே ஆடி வளர்ந்தது. எங்கள் வீடுகளிற் பலரும் 'ரீவி கேம்' என அறிந்ததும் அத்தகைய பிரதிப் பொறிகளையே. அவற்றை விற்றோர் புண்ணியத்திற்காக விற்றனர் என்று கூறவரவில்லை. பிரதியினூடாகவே ஒரு கலை ஏழைநாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது என்பதே செய்தி. ஓலை செல்லரிக்கும்முன் பெயர்த்தெழுதியவர் இருந்தமையாலேயே நம் நூல்கள் எஞ்சின என்பதை அறிந்த தமிழ் மாணவருக்குப் பிரதி என்பது இழிசொல் ஆகலாகாது. பழைய பொறியைப் போன்று புதிய கணினியை இயங்கவைக்கும் எமுலேற்றர் மென்பொருள்கள் இன்றைய பெயர்த்தெழுதுவோர் ஆவர். அத்தகைய மென்பொருளொன்றை உருவாக்குவதற்காகப் பொறியொன்றின் இயக்கத்தை ஆராய்வது நியாயமான பயன்பாடே என 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும் தீர்ப்பளித்தது.

இவ்வகையில் நோக்கின், 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த 'செல்டா' காட்ரிட்ஜின் செத்துப்போன பற்றரியை மாற்றி ஒட்டுபவனும், பழுதடைந்த கைப்பிடியைக் கழற்றித் துடைத்து நண்பனுக்கு ஆடக் கொடுப்பவனும் வெறும் பொழுதுபோக்காளர் அல்லர். நியூயோர்க் நவீன கலைக் காட்சியகம் 2012இல் பதினான்கு வீடியோ விளையாட்டுக்களைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. நம் கலைப்பீடங்களோ இவற்றை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதவே தயங்குகின்றன. திரைப்படத்தைக் கூத்தாட்டம் என்று தள்ளியவர்களும், சிறுகதையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களும் இருந்தனர். அவர்கள் வழியில் நாமும் செல்வதா?

பழைய விளையாட்டுக்களை வணங்குமாறு எவரையும் நாம் கேட்கவில்லை. அவற்றுட் குப்பை மிகுதி. குப்பை எது, கலை எது என்று பிரித்தறிவதற்கேனும் ஆடிப்பார்க்க வேண்டும். ஆடிப்பார்ப்பதற்கு அவை இயங்க வேண்டும். உறையோடு பூட்டி வைப்பவனும் உரிமையோடு பூட்டி வைப்பவனும் ஒரே தொழிலையே செய்கின்றனர். அவர்கள் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது பிளாஸ்டிக்கும் செம்பும் மட்டுமே. விளையாட்டு அங்கில்லை, அது ஆடுபவனின் கையில் இருக்கின்றது. ஆகவே உறையைப் பிரிக்க வேண்டும் என்பதே எமது கட்சி.