கனிதலும் கனிவித்தலும்

கனிதல் தன்வினை, கனிவித்தல் பிறவினை. இலக்கண வகுப்பிலே மாணவர் எளிதில் ஒப்புக்கொள்ளும் இவ்வேறுபாடு, சமய வாழ்விலே கற்றோராலும் மறக்கப்படுகின்றது. கலாத்தியர்க்கு எழுதிய நிருபத்திலே பவுலடிகள் பகை, பொறாமை, கோபம் முதலியவற்றை மாம்சத்தின் கிரியைகள் எனப் பன்மையிற் கூறினார். அன்பு, பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் முதலியவற்றையோ ஆவியின் கனி என ஒருமையிற் கூறினார். தீமை மனிதன் செய்யும் வினை; நன்மை அவனிடத்தே கனியும் கனி. தமிழாசிரியனாகிய என் கண்ணுக்கு இச்சொல்லாட்சி தற்செயலாய் அமைந்ததாகத் தோன்றவில்லை.

கிறிஸ்துநாதர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும் அடியாரைக் கிளைகளாகவும் உருவகித்தார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே பந்தரிட்டுத் திராட்சை வளர்ப்போர் இவ்வுருவகத்தின் உண்மையை நன்கறிவர். கவ்வாத்துச் செய்த பின்னர்க் கொடியிலிருந்து எழும் புதிய கிளையிலேதான் குலை வரும். வெட்டி வீழ்த்திய கிளை எத்துணைப் பசுமையாயிருப்பினும் ஓரிரு நாளில் வாடிச் சருகாகும். கிளைக்குரிய தொழில் ஒன்றே. அது கொடியிலே நிலைத்திருத்தல்.

இவ்வுண்மையைக் காப்பியமாகவே பாடிய தமிழ்ப் புலவர் ஒருவர் உளர். அவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). திருநெல்வேலிச் சீமையிலே வைணவ வேளாளர் குடியிற் பிறந்து கம்பனிலே தோய்ந்த அவர், 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விக்கூடத்திலே தமிழாசிரியராய் அமர்ந்தார்; 1858இல் சென்னையிலே ஞானஸ்நானம் பெற்றார். ஜோன் பனியன் என்னும் ஆங்கிலர் 1678இல் வெளியிட்ட யாத்திரிகன் கதையைத் தழுவி அவர் பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலுருப் பெற்றது. அது மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது.

பனியன் கதையிலே பாவச்சுமையை முதுகிற் சுமந்து செல்லும் யாத்திரிகனை உலக ஞானி ஒருவன் வழிமறித்து, ஒழுக்கம் என்னும் ஊரிலே அச்சுமையை இறக்குவார் உளர் என்கின்றான். யாத்திரிகனும் அவ்வழியே திரும்புகின்றான். போகப் போகச் சுமை கனக்கின்றது. மலை தலைமேல் விழுமோ என்று அஞ்சுகின்றான். ஈற்றிலே சிலுவையடியை அடைந்தபோது அச்சுமை தானாகவே அவிழ்ந்து வீழ்கின்றது. அவன் அவிழ்த்தானல்லன், அது அவிழ்ந்தது. இங்கும் தன்வினையே. கிருஷ்ணபிள்ளை பனியன் கதையில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைத் தம் காப்பியத்திலே விரித்துப் பாடினார். கனிக்கு மூலம் எதுவென அவர் அறிந்திருந்தமையே இதற்குக் காரணம் என்பது என் துணிபு.

"அங்ஙனமாயின் முயற்சி வேண்டாவோ? ஆள்வினையுடைமைக்குத் திருவள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தாரன்றோ?" என ஆசிரிய நண்பர் வினவுதல் கூடும். தக்க வினாவே. வைணவப் பெரியோரும் இதனை ஆராய்ந்து இரு நியாயங்கள் கூறினர். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாயே கௌவிச் செல்லும். எந்நியாயத்தைக் கொண்டாலும், சுமந்து செல்வது தாயேயன்றிக் குட்டியன்று. தோட்டக்காரன் நீர் பாய்ச்சுகின்றான், பந்தரிடுகின்றான். பழத்தை அவன் படைப்பதில்லை. செபமும் வேதவாசிப்பும் சபையோடு கூடுதலும் கொடியிலே நிலைத்திருக்கும் முயற்சிகள். அம்முயற்சியையும் விட்டு "விசுவாசிக்கின்றேன்" என்று வாயாற் சொல்லித் திரிவோர்க்கு யாக்கோபின் நிருபமே மறுப்பாகும். கிரியையற்ற விசுவாசத்தை அவர் உயிரற்றது என்றே தள்ளினார்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனிலே ஞாயிறு பாடசாலைச் சிறாரும் மடிந்தனர். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியோரை மன்னித்தோம் என்றார். அவரே பின்னரும் உண்மையும் நீதியும் வேண்டி ஓயாது குரல் கொடுத்தார். தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர்நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் நீதி வேட்கையும் ஒரே நெஞ்சில் தங்கலாம்.

ஆனால், பிள்ளையைப் புதைத்த தாயிடம் சென்று "மன்னித்துவிடு, அதுவே கிறிஸ்தவ கடமை" என்று விதித்தல் எனக்கு உடன்பாடன்று. அது காயைப் புகையிட்டுப் பழுக்க வைப்பது போன்றது. தோல் மஞ்சளிக்கும், உள்ளே புளிக்கும். அவளோடு அமர்ந்து அழுதலும் செபித்தலுமே நம் பணி. பகைவரையும் மன்னித்த கொடியினின்று சாறு ஏறுங்காலத்தே அவளிடத்தும் கனி தோன்றும். அதன் பருவத்தைக் குறிக்க நமக்கு உரிமையில்லை.

பம்பலப்பிட்டிக் காலி வீதியிலே கதிரேசன் கோயிலும் உண்டு. மிலாகிரிய பவுலடிகள் ஆலயமும் உண்டு. அவ்வீதியிற் செல்லும் சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் நம் விசுவாசப் பிரமாணத்தைப் படித்து நம்மை அளப்பதில்லை. கடையிலும் வகுப்பிலும் பேருந்திலும் நம்மிடம் காணும் கனியைக் கொண்டே அளக்கின்றனர். சமயபாடத்தை ஒழுக்க விதிகளின் பட்டியலாக்கிப் புள்ளியிடும் ஆசிரியர்க்கு என் விண்ணப்பம் இதுவே: மாணவரிடம் கனியைக் கேட்குமுன் அவர்க்குக் கொடியைக் காட்டுக.