மார்பகப் புற்றுநோயும் மறக்கப்பட்ட உறக்கமும்

நோயைக் களைவதோடு மருத்துவத்தின் கடமை முடிவதில்லை என்பதும், நோயுற்றவர் தம் அன்றாட வாழ்வை மீளப் பெறும்வரை அக்கடமை நீள்கிறது என்பதும் எவரும் மறுக்காத நெறி. மறுப்பார் இல்லாத நெறிகளே பெரும்பாலும் கடைப்பிடிப்பாரும் இன்றிக் கிடக்கின்றன.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோய். 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு அது புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலக மதிப்பீடு கூறுகிறது. அறுவையும் வேதிமருந்தும் கதிர்வீச்சும் முடிந்து ஊர் திரும்பும் இப்பெண்களில் பலர், அதன்பின் ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றித் துன்புறுகின்றனர்.

இத்துன்பத்தை வெறும் மனக்கலக்கம் என்று ஒதுக்க இயலாது. வாந்தியைத் தடுக்க வேதிமருந்தோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் விழிப்பைத் தூண்டுவது. ஐந்து முதல் பத்தாண்டு உட்கொள்ள வேண்டிய டாமாக்சிஃபென் நள்ளிரவில் உடலைத் திடீரெனக் கொதிக்கவைத்து வியர்வையில் நனைப்பது. அவ்வாறே நெடுநாள் உட்கொள்ளப்படும் லெட்ரசோல் மூட்டுகளை நோகச் செய்வது. மேலைநாட்டாரைவிட இளைய அகவையிலேயே நம் பெண்களை இந்நோய் பற்றுவதால், இயல்பாகப் பல ஆண்டுகளில் நிகழவேண்டிய மாதவிலக்கு நிற்றல், மருந்தால் சில திங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. இவற்றோடு, நோய் மீண்டுவருமோ என்னும் அச்சமும் இரவில்தான் தலைதூக்குகிறது.

காவிரிப் படுகையில் இத்துன்பம் மற்றொரு சுமையையும் ஏற்கிறது. ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் திருவையாற்றிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண், இரவு முழுதும் புரண்டு கிடந்தாலும் விடியுமுன் எழுந்தே ஆகவேண்டும். அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கினால் நாற்றுமுடியும் கனக்கும். "தூக்கமே பிடிக்கலை" என்று வாய்திறந்தால், "உசுரு பொழைச்சதே பெருசு" என்ற விடையே வீட்டில் கிடைக்கிறது. அன்பால் சொல்லப்படுவதுதான், ஆயினும், அவர் அடுத்த முறை மருத்துவரிடமும் அதைச் சொல்லாமல் திரும்புவதற்கு அந்த விடையே போதுமானதாகிவிடுகிறது.

தீர்வு இல்லாத நிலை அன்று இது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைத்து, எழும் நேரத்தை நிலைப்படுத்தி, உறக்கம் பற்றிய அச்சத்தைப் படிப்படியாகக் களையும் அறிதல்-நடத்தைப் பயிற்சி, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்குப் பயன் தருவதைக் கனடாவின் கியூபெக்கில் ஆய்ந்தோர் 2005இலேயே காட்டினர். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதனையே தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. இப்பயிற்சிக்குக் கட்டடமும் வேண்டா, பொறியும் வேண்டா. பயின்ற செவிலியரும் எளிய தமிழும் வேண்டும்.

புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்த காலம் அது. பிழைத்துவிட்டவர்களுக்கு உறக்கம் ஒரு குறையா என்று இன்று கேட்பதும் அதே மனப்போக்கின் மறுமுகமே என்று கருதுகிறோம்.

1959 முதல் இப்படுகை மக்களுக்குப் பணியாற்றிவரும் தஞ்சை மருத்துவக் கல்லூரி, மறுபரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் உறக்கம் பற்றிக் கேட்டு, விடையை அவரது மருத்துவக் குறிப்பேட்டில் பதிவதை முறையாக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டு வீடுதோறும் செல்கின்றனர். நோயுற்றோர்க்கான ஆதரவு மருத்துவமும் அத்திட்டத்தில் அடங்கும். தன்னார்வலர்கள் கேட்கும் வினாக்களோடு உறக்கம் பற்றிய வினாவையும் சேர்க்கவும், செவிலியர்க்கு அறிதல்-நடத்தைப் பயிற்சியைத் தமிழில் கற்பிக்கவும் அரசாணை ஒன்று போதும். மக்கள் நல்வாழ்வுத் துறை அதனை இவ்வாண்டே பிறப்பிக்க வேண்டும்.