ஒரு மரத்துண்டும் ஒரு பழைய டாட்ஸனும்

விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், வீடு அடங்கிய பிறகு கணினியின் எதிரில் உட்கார்ந்து, துருவேறிக் கிடந்த ஒரு காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்களையும் பிரேக்குகளையும் சஸ்பென்ஷனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, தேய்ந்தவற்றை ஒதுக்கிப் புதியவற்றை வாங்கிப் பூட்டி, முக்கால் மணி நேரத்துக்குள் எஞ்சினை உறும வைத்ததை ஓர் இரவு நான் அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் கிரீஸ் இல்லை. நகக்கண்ணில் கறுப்பு இல்லை. ஒரு போல்ட்கூட மண்டை உடைந்து நூலோடு உள்ளே தங்கிவிடவில்லை. "அவ்வளவுதான் மாமா, வண்டி ரெடி" என்றான்.

போலந்து நாட்டு நிறுவனமொன்று உருவாக்கிய 'கார் மெக்கானிக் சிமுலேட்டர்' என்னும் அந்த ஆட்டத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மௌஸின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் போல்ட் சுழன்று வருகிறது. ஒவ்வொரு பாகத்தின் ஆரோக்கியமும் சதவிகிதமாகத் தெரிகிறது. கொட்டகையிலும் பழைய இரும்புக் கிடங்கிலும் கிடக்கும் வண்டிகளைத் தேடி எடுத்து உயிர்ப்பிக்கலாம். காரின் வயிற்றுக்குள் என்னென்ன உண்டு, எது எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்னும் ஞானத்தை, பட்டறை வாசலையே மிதித்திராத ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சுலபமாகப் புகட்டும் சாதனம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாஸ்டா, நிசான் முதலிய ஜப்பானியக் கம்பெனிகளின் வண்டிகள் இத்தகைய ஆட்டங்களில் தனித்தொகுதிகளாக வந்து சேர்வதையும், இன்ன பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரைச் சேருங்கள் என்று ரசிகர்கள் ஓயாமல் கேட்பதையும் காணும்போது, சேர்ப்பது என்றால் எதைச் சேர்ப்பது என்ற கேள்வி எனக்கு எழுகிறது. உருவத்தையா, சுபாவத்தையா?

உதாரணத்துக்கு, அந்த வரிசையில் தலைமை ஸ்தானத்துக்கு உரியதென்று நான் கருதும் டாட்ஸன் 240 இசட்டை எடுத்துக்கொள்வோம். டாட்ஸன் என்றதும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் சில ஆண்டுகள் தயாராகி 2022-ல் மறைந்த சிறிய குடும்பக் கார்கள் நம்மவர் நினைவுக்கு வரும். நான் சொல்வது அந்தப் பெயரின் பூர்விகக் கீர்த்தியை. 1969-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரோடு வெளிவந்து, நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக யோஷிஹிகோ மாட்சுவோவின் குழுவினர் தீட்டிய சித்திரத்தில் பிறந்து, அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்பனையாகி, அதுவரை பெரிதும் ஐரோப்பியரின் கையிலிருந்த ஸ்போர்ட்ஸ் கார்த் துறையில் ஜப்பானியருக்கு நிரந்தரமான இடம் வாங்கிக் கொடுத்த கார் அது. நிசானின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராயிருந்த யுடாகா கட்டயாமா, ஜப்பானிலிருந்த கம்பெனித் தலைவர் ஒரு நாடகத்தைப் பார்த்து மோகித்துச் சூட்டிய 'ஃபேர்லேடி' என்ற பெயர் அமெரிக்க ஆடவரிடம் எடுபடாது என்று தீர்மானித்து, வந்திறங்கிய வண்டிகளிலிருந்து அந்தப் பெயர்த்தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு 240 இசட் என்ற எண்ணை ஒட்டச் செய்தாராம். உரிமம் கிடைக்காத கார்களுக்குக் கற்பனைப் பெயர் சூட்டும் வழக்கம் இவ்வாட்டங்களில் உண்டு; பெயர் பறிபோவது இந்தக் காருக்குப் புதிய அனுபவமாக இராது.

இதே காரில் இசட் 432 என்று ஓர் அபூர்வ ரகமும் உண்டு. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதே அந்த எண்ணின் பொருள். ரசிகர்களில் பலர் அதைத்தான் கேட்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. அரும்பொருட்காட்சியில் நிறுத்திவைக்கத்தக்க வண்டியை விட்டுவிட்டு, அமெரிக்கச் சிற்றூர்களின் வீட்டுக் கொட்டகைகளில் உரிமையாளர்களே ஞாயிற்றுக்கிழமைதோறும் மல்லாந்து படுத்துப் பழுதுபார்த்த, 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களும் கொண்ட எல்24 எஞ்சின் பொருந்திய சாதாரண 240 இசட்டைத்தான் மெக்கானிக் ஆட்டத்தில் சேர்க்கவேண்டும். ஏனென்றால் அந்த எஞ்சினில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

கேம்ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இருக்கிறது. அதைச் சுழற்றும் டைமிங் செயின் எஞ்சினின் முன்முகத்துக்குள், மூடிக்குப் பின்னால், கிராங்க்ஷாஃப்ட் வரை தொங்குகிறது. செயின் தொய்யாதபடி ஒரு டென்ஷனர், தன் வில்விசையால் பக்கவாட்டிலிருந்து அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் மாற்ற வேண்டி ஹெட்டைத் தூக்க முற்படும் புதியவன், கேம்ஷாஃப்டின் நுனியிலுள்ள பற்சக்கரத்தைக் கழற்றுகிறான். அந்தக் கணத்தில் செயின் தளர்கிறது. அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த டென்ஷனரின் முனை 'டக்'கென்று வெளியே பாய்ந்துவிடுகிறது. அதைத் திரும்ப உள்ளே வைக்க மேலிருந்து வழியில்லை. ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்ப், கிராங்க் புல்லி எல்லாவற்றையும் கழற்றி, அடியில் எண்ணெய்த் தொட்டியைத் தளர்த்தி, முன்மூடியைத் திறந்தாகவேண்டும். அரைநாள் வேலை இரண்டு நாளாகிவிடும். அனுபவஸ்தன் என்ன செய்கிறான்? ஆப்பு வடிவில் செதுக்கிய ஒரு மரத்துண்டை, பற்சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே, செயினின் இரு இழைகளுக்கும் நடுவே மேலிருந்து இறக்கி, இறுகும்வரை மெல்லத் தட்டிவிடுகிறான். வேலை முடிந்ததும் உருவி எடுப்பதற்காக அதன் தலையில் ஒரு கயிறும் கட்டியிருப்பான். கம்பெனி விற்கும் உதிரிபாகங்களிலெல்லாம் இந்தக் காரின் ஹெட்டுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்யும் பொருள் வேறில்லை. அது மரக்கடையில் கழிவாகக் கிடப்பது.

ஆட்டத்தில் இந்த டென்ஷனரையும் ஒரு பாகமாக வரைந்து, சதவிகிதம் ஒட்டி, பொத்தானை அழுத்தினால் கழன்றுவரும்படி வைத்துவிட்டால், 240 இசட்டின் எஞ்சின் வேறெந்த ஆறு சிலிண்டர் எஞ்சினோடும் பேதமின்றி ஒன்றாகிவிடும். பிறகு இந்தக் காரை எதற்காகக் கேட்டோம்? வெளித்தகட்டின் வளைவுக்காக மட்டுந்தானா?

கார்புரேட்டர் விஷயமும் இத்தகையதே. இங்கிலாந்தின் எஸ்.யூ. மாதிரியைப் பின்பற்றி ஹிட்டாச்சி செய்த இரண்டு கார்புரேட்டர்கள், ஆளுக்கு மூன்று சிலிண்டர்களாகப் பங்கிட்டுக்கொண்டு காற்றையும் பெட்ரோலையும் ஊட்டுகின்றன. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தாலன்றி எஞ்சின் ஐடிலில் தள்ளாடும். இதைச் சரிசெய்ய அளவுமானிகள் உண்டென்றாலும், பழைய கைகள் ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, முன்னதன் சீறலையும் பின்னதன் சீறலையும் மாறிமாறிக் கேட்டு, ஸ்குருவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, இரண்டு சீறலும் ஒரே சுருதியில் சேரும்வரை விடமாட்டார்கள். தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவர் முகத்தில் காணும் அதே ஏகாக்கிரதையை அப்போது அவர்கள் முகத்திலும் காணலாம். செவியில் மாட்டிக்கொள்ளும் கருவியோடு விளையாடும் இன்றைய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு வேலையை ஆட்டம் செய்யும் எவராவது கற்பனை செய்ய முடியுமா? 1973-ல் புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பொருத்திய கனத்த கார்புரேட்டர்களை உரிமையாளர்கள் கழற்றிவிட்டு முந்தைய ஆண்டுகளின் உருண்டைத் தலை கார்புரேட்டர்களைத் தேடியலைந்த கதையையும் ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கையாக ஆட்டத்தில் வைக்கலாம்.

துருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டரித் தட்டின் அடி, தரைத்தகடு, அடிச்சட்டம் இவையே இந்தக் கார் முதலில் அரித்துப்போகும் இடங்கள். பளபளக்கும் பெயிண்டைக் கண்டு ஏமாந்து வாங்கியவன் மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் சாலை தெரியும். 1990-களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கக் கிளையே பழைய 240 இசட்டுகளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் புதுப்பித்துத் தன் விற்பனையாளர்கள் மூலம் விற்றுப் பார்த்தது. நினைத்ததைவிட வெகு குறைவான கார்களோடு அந்த முயற்சி நின்றுபோயிற்று. தயாரித்தவனுக்கே சுலபமாக இல்லாத வேலை அது.

இவ்வளவு சிரமத்தையும் ஆட்டத்துக்குள் கேட்பதற்கு ஓர் ஆக்ஷேபம் எழும், எழவும் செய்தது. "பொழுதுபோக்கத்தானே மாமா விளையாடறோம், இதிலயும் கஷ்டம் வேணுமா?" என்று கேட்டான் மருமகன். நியாயமான கேள்வியே. ஆனால் ஃபின்லாந்திலிருந்து வந்த 'மை சம்மர் கார்' என்னும் ஆட்டம் இதற்கு விடை சொல்லிவிட்டது. டாட்ஸன் 100ஏ-யின் சாயலில் அமைத்து 'சாட்சுமா' என்று பெயரிட்ட ஓர் எளிய காரை, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சரியான அளவு ஸ்பேனரைத் தேர்ந்தெடுத்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒன்றைச் சரியாக முறுக்காவிட்டால் வழியில் கழன்று விழும். அதன் கொடுமையைச் சொல்லிச் சொல்லியே உலகெங்கும் இளைஞர்கள் அதை ஆடுகிறார்கள். சிரமம் வேண்டாதவர்க்கு அதை நீக்கிக்கொள்ளும் வசதியைத் தனியே கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கார் அலங்காரத்துக்குப் பிறந்ததுமன்று. 1971-லும் 1973-லும் கிழக்காப்பிரிக்க சஃபாரி ராலியை, அதன் சேற்றிலும் புழுதியிலும் கல்லிலும் ஓடி வென்றது. இரண்டாம் முறை அதை ஓட்டியவர் இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. அவ்வளவு அடிபட்டு உழைத்த வண்டியை, துடைத்து வைத்த கண்ணாடிப் பொம்மையாக்கிக் கொடுப்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது.

எனவே, ஆட்டம் செய்வோருக்கு என் விண்ணப்பம் சிறியது. வர்ணங்களைக் குறைத்தாலும் சரி, சக்கர வளையங்களின் ரகங்களைக் குறைத்தாலும் சரி. 240 இசட்டைச் சேர்க்கும்போது பட்டறை மூலையில் கயிறு கட்டிய அந்த மரத்துண்டையும் சேர்த்துவிடுங்கள். அதற்கு விலை போட வேண்டாம், அது எதற்கென்றும் எழுதி வைக்க வேண்டாம். ஒருமுறை மறந்தவன் மறுமுறை தானே தேடி எடுத்துக்கொள்வான்.