கல்வராயன் மலைக்குப் புறப்படுமுன்: உல்லாசப் பயணத்திற்கும் ஒரு நிய்யத் வேண்டும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் குடும்பங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பட்டியல் நீள்கிறது. வசதி உள்ளவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்கின்றனர். சென்னையிலிருந்து தெற்கே காரில் செல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவை உளுந்தூர்பேட்டையைக் கடந்தே செல்கின்றன. சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்துகின்றன, தேநீர் அருந்துகின்றன, திருச்சி நோக்கி விரைந்துவிடுகின்றன. அவ்வூரிலிருந்து மேற்கே சேலம் நோக்கிப் பிரியும் சாலை, இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்தில் தம்மைக் கல்வராயன் மலையின் மேல் கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

நம் குடும்பங்கள் அந்த மலைக்குச் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. அதை ஒரு முஸ்லிம் குடும்பத்திற்குத் தகுந்த முறையில் திட்டமிட்டுச் செல்ல வேண்டும் என்பது அக்கருத்தின் மறுபாதி. இரண்டையும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

ஒரு மலையின் மீது சுமத்தப்பட்ட பெயர்

கல்வராயன் மலை என்று சொன்னதும் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். "ஹஜ்ரத், அது சாராய மலை ஆயிற்றே! பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாடே அறியும். அப்பெருந்துயர் நிகழ்ந்த கருணாபுரம் மலையில் இல்லை. கள்ளக்குறிச்சி நகருக்குள் இருக்கிறது. உயிரைக் குடித்த மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் நஞ்சு. அது எந்த மலையிலும் விளைவதன்று. மலையின் சில பகுதிகளில் சாராயம் காய்ச்சப்படுவதும், காவல்துறை ஊறல்களை அழிப்பதும் உண்மையே. மது அனைத்துத் தீமைகளுக்கும் தாய் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆயினும் சிலர் செய்யும் குற்றத்தை ஒரு மலையில் வாழும் அத்தனை மக்களின் நெற்றியிலும் எழுதி ஒட்டுவது எந்த நீதியில் சேரும்?

யாரோ ஒருவன் செய்த செயலுக்காக ஒரு சமுதாயத்தையே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எத்துணை வலியைத் தரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாடகைக்கு வீடு தேடும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த வலியை அனுபவித்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நமக்கு இழைக்கப்படும்போது அநீதி என்று நாம் அழைக்கும் ஒன்றை, மலைவாழ் மக்களுக்கு நாமே இழைக்கலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்துவிடக் கூடாது என்று அல்-மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த வசனத்தை ஓதிக் கொடுக்கிறோம். மலைக்கு அழைத்துச் சென்று அங்குள்ள மக்களோடு பேச வைத்தால் அதன் பொருள் அவர்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதியும்.

அங்கே வாழ்கிறவர்கள் யார்?

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என இரு பிரிவாக, ஏறத்தாழ 2000 முதல் 3000 அடி உயரத்தில் விரிந்து கிடக்கிறது. அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழே. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலை, 1976-ஆம் ஆண்டில்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, இம்மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்வி முதலிய அடிப்படைத் தேவைகள் குறித்து வழக்கெடுத்து விசாரிக்கத் தொடங்கியது. மலையின் அழகைப் படம் பிடிக்கச் செல்லும் நாம் இந்த வரலாற்றையும் அறிந்தே செல்ல வேண்டும். நாம் செல்லும் இடம் பிறருடைய வீடு. அவ்வீட்டில் நாம் விருந்தாளிகள்.

பயணமும் இறைநம்பிக்கையும்

"இதெல்லாம் வீண் செலவு, அந்தப் பணத்தை ஸதகாவாகக் கொடுக்கலாமே" என்று கூறும் பெரியவர்களும் உண்டு. அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். கடன் வாங்கியும் ஊரார் மெச்சவும் செய்யப்படும் பயணம் இஸ்ராஃப் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூமியில் பயணம் செய்து, அல்லாஹ் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைச் சிந்திக்கும்படி அல்-அன்கபூத் அத்தியாயம் ஏவுகிறது. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா என அல்-காஷியா அத்தியாயம் கேட்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு சுவர்களுக்குள் வளரும் பிள்ளை அந்த வசனங்களை ஓதும்போது எந்த மலையை மனக்கண்ணில் காணும்?

குடும்பத்தோடு மகிழ்வதும் மார்க்கத்திற்குப் புறம்பானதன்று. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நபிமொழி நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. நம் வீட்டுப் பயணங்களில் நடப்பது என்ன? தஹஜ்ஜுத் நேரத்தில் எழுந்து புளிச்சோறும் பிரியாணியும் கட்டும் தாய், காரில் பிள்ளைகளின் வாந்தியைத் துடைக்கிறாள். அருவிக் கரையில் பாய் விரித்துப் பரிமாறுகிறாள். திரும்பி வந்து பாத்திரம் கழுவுகிறாள். மற்றவர்கள் ஊர் பார்த்துத் திரும்புகிறார்கள். அவள் அடுக்களையை இடம் மாற்றிக்கொண்டு திரும்புகிறாள். வீட்டு வேலைகளில் உதவி செய்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பயணத் திட்டத்தில் யார் எந்த வேலை செய்வது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளும்படி நபிமொழி கூறுகிறது. தலைவர் என்றால் முதலில் கை நனைய வேண்டியவரும் அவரே.

வழியும் பருவமும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தியாகதுருகத்தின் குன்றில் கோட்டை ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட இக்கோட்டையைத் திப்பு சுல்தானின் படையும் முற்றுகையிட்டிருக்கிறது. பாடநூலில் படித்த பெயரைப் பிள்ளைகள் நேரில் காணும் வாய்ப்பு இது. கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள். கச்சிராயப்பாளையத்தை அடுத்துக் கோமுகி அணை. அதன்பின் மலைப்பாதை தொடங்கி, வட்டத் தலைநகரான வெள்ளிமலைக்கு ஏறுகிறது. மேகம், பெரியார் முதலிய அருவிகள் இப்பக்கம் உள்ளன. மறுபக்கம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த கருமந்துறையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது.

கோடையில் அருவிகள் வறண்டு போகும். ஏப்ரல், மே மாதங்களில் சென்று ஏமாறுவோர் பலர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் பெருகும். அப்போது ஆபத்தும் பெருகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை இந்த மாவட்டத்தையும் அண்டை மாவட்டங்களையும் வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையால் அருவியில் வெள்ளம் பாய்ந்து வரக்கூடும். ஆகவே மழை ஓய்ந்து நீர் தெளிந்த நாள்களே சிறந்தவை. வனத்துறை தடை விதித்திருந்தால் காவலரிடம் கெஞ்சுவதும் கையில் பணம் திணிப்பதும் வேண்டாம். தன் கைகளாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்வதும், கையூட்டுக் கொடுப்பதும் மார்க்கம் தடுத்தவை.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோருக்கு ஒரு நபிமொழி. அன்ஜஷா என்னும் ஒட்டகவோட்டி, பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களை விரைந்து ஓட்டியபோது, கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டு செல்வதுபோல் மெதுவாக ஓட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கூறினார்கள். கொண்டையூசி வளைவுகளில் வேகம் காட்டும் நம் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கட்டும். எரிபொருளைக் கள்ளக்குறிச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இறங்கும்போது என்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ வண்டியை உருள விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மஃரிபுக்கு முன் சமவெளிக்கு வந்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மேடேறும்போது தக்பீரும் பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்களின் வழக்கம். ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் அதைச் சொல்லி வரட்டும்.

தொழுகையை முதலில் எழுதுங்கள்

பலருடைய பயணத் திட்டத்தில் தொழுகை இறுதியில் இடம்பெறுகிறது, அல்லது இடம்பெறுவதே இல்லை. முதலில் தொழுகை நேரங்களை எழுதி, அவற்றைச் சுற்றி மற்றவற்றை அமையுங்கள். சென்னை போன்ற தொலைவூர்களிலிருந்து வருவோருக்குக் கஸ்ர் உண்டு என்பதில் குழப்பமில்லை. உளுந்தூர்பேட்டைப் பகுதியினருக்கோ இது எல்லைக்கோட்டுக் கணக்கு. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஒருவழித் தொலைவு தேவை. ஊரிலிருந்து வெள்ளிமலை அதையொட்டியே வருகிறது. எனவே செல்லும் இடத்தையும் தொலைவையும் சொல்லி, உங்கள் மஹல்லா இமாமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயணியான ஷாஃபிஈகள் லுஹரையும் அஸரையும் ஜம்உ செய்யலாம். ஹனஃபிகள் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுது இலகுவாக்கிக்கொள்ளலாம்.

மலையில் பள்ளிவாசல் கண்ணில் படும் என்று நம்பிப் புறப்பட வேண்டாம். முஸல்லா, கிப்லா காட்டும் கருவி, உளூவுக்கு ஒரு குடம் தண்ணீர், பெண்களுக்கு மறைப்பாக ஒரு துணி ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. எனினும் பிறர் விளைநிலத்தில் விரிப்பதாக இருந்தால் உரியவரிடம் அனுமதி கேளுங்கள். கேட்கும் அந்த ஒரு வார்த்தையே மார்க்கத்தை எடுத்துரைக்கும் அழைப்பாகிவிடும். ஜுமுஆ தவறிவிடாதிருக்க, வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நலம்.

கொடுப்பதும் விட்டு வருவதும்

உணவு முழுவதையும் வீட்டிலிருந்து சுமந்து சென்று, குப்பையை மட்டும் மலைக்கு விட்டுவரும் பயணம் அம்மக்களுக்கு எந்தப் பயனும் தராது. அறுப்பு முறை தெரியாத இறைச்சியைத் தவிர்க்கலாம். அதற்காக மலையின் உணவு அனைத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை. சாமை, தினை, தேன், புளி, கடுக்காய், மரவள்ளிக் கிழங்கு, பருவத்தில் பலாப்பழம் என்று எத்தனையோ ஹலாலான பொருள்கள் அங்கே விளைகின்றன. அவற்றை மலை மக்களிடமே நேரடியாக வாங்குங்கள். பேரங்காடியில் அச்சிட்ட விலையைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட்டு, தலையில் சுமந்து வந்து விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது ஈமானுக்கு அழகா? விற்கும்போதும் வாங்கும்போதும் தாராளமாக நடப்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டியிருக்கிறார்கள்.

நீர்நிலையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்திற்குரிய செயல் என்று நபிமொழி எச்சரிக்கிறது. அருவியின் நீர் கீழே ஒரு சிற்றூரின் குடிநீராக இருக்கலாம். குழந்தையின் அணையாடையும் நெகிழிப் பையும் வண்டியிலேயே திரும்பி வரட்டும். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனில், அதைப் போட்டுவிட்டு வருவது எதன் கிளை? அனுமதியின்றி அங்குள்ள பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுக்காதீர்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு எந்தக் கண்ணியத்தை எதிர்பார்க்கிறோமோ, அதையே அவர்களுக்கும் கொடுங்கள்.

பயணத்திற்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்கை அங்குள்ள பிள்ளைகளின் கல்விக்கென வைத்துக்கொள்ளலாம். ஸதகா வேண்டுமா, பயணம் வேண்டுமா என்று கேட்ட பெரியவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. தெருவில் நின்று நோட்டுகளை விநியோகித்து அவர்களை இரப்போராக்க வேண்டாம். பள்ளியின் ஆசிரியரைச் சந்தித்துத் தேவை என்னவென்று கேட்டுச் செய்யுங்கள்.

பயணம் முடிந்து திரும்பிய பின் உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே யாரைச் சந்தித்தாய்?" அருவியையும் குரங்கையும் மட்டும் சொன்னால், அடுத்த முறை திட்டத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு மனிதரின் பெயரைச் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும் படிப்பினை தருபவையாகவும் ஆக்குவானாக. மலையில் வாழும் நம் அண்டையரின் வாழ்வைச் செழிக்கச் செய்வானாக. மதுவின் தீங்கிலிருந்து நம் மாவட்டத்து மக்கள் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.