துப்பாக்கி சுடுதலில் 0.1 புள்ளி என்றால் எவ்வளவு தூரம்? இயந்திரம் அதை அளப்பது எப்படி?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் என்றதும் அபினவ் பிந்த்ராவின் தங்கம்தான் ஞாபகம் வரும். அதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில், சென்னையில் பிறந்த ககன் நரங் 600-க்கு 595 எடுத்தும் இறுதிச் சுற்றுக்குள் நுழையவில்லை. சம புள்ளி எடுத்தவர்களைப் பிரிக்கும் விதியில் பின்தங்கிவிட்டார்.

அப்போ என்ன சிக்கல்?

அன்று தகுதிச் சுற்றில் முழு எண் மட்டுமே கணக்கு. நடுப்புள்ளியைத் துளைத்தாலும், 10-ன் விளிம்பை உரசினாலும் 10 தான். 2013 முதல் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றிலும் தசமக் கணக்கு வந்தது. ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. 60 குண்டுகளுக்கு 654.

0.1 என்பது எவ்வளவு?

வெறும் கால் மில்லிமீட்டர். இலக்கின் நடுவில் இருக்கும் 10 என்ற புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ. தான். குண்டின் விட்டம் 4.5 மி.மீ. அதாவது, குறியைவிட குண்டு 9 மடங்கு பெரிது!

இயந்திரம் எப்படி அளக்கிறது?

இரண்டு முறைகள் இருக்கு. ஒன்று, ஒலி. குண்டு துளைக்கும் சத்தம், இலக்கைச் சுற்றியுள்ள மைக்குகளுக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து இடம் கணக்கிடப்படும். வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, ஒளி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை குண்டு எங்கே மறைக்கிறது என்று பார்ப்பது. எந்த முறையானாலும், சுட்டவுடன் வீரரின் பக்கத்தில் உள்ள திரையில் புள்ளி வந்துவிடும்.

தப்பா காட்டினால்?

தகுதிச் சுற்றில் முறையிடலாம். ஆனால் சரிபார்க்கும்போது வித்தியாசம் 0.2-க்குள் இருந்தால் 2 புள்ளி அபராதம். இறுதிச் சுற்றில் குண்டின் மதிப்பை எதிர்த்து முறையிடவே முடியாது. அங்கே இயந்திரம் சொல்வதே தீர்ப்பு.

பயிற்சி எடுப்பவர்களுக்கு இதில் என்ன?

மின்னணு இலக்குகள் விலை அதிகம். சின்ன ரேஞ்சுகளில் இன்றும் காகித இலக்குதான். ஓட்டையை கண்ணால் பார்த்து 9-ஆ, 10-ஆ என்று சொல்லிவிடலாம். 10.1-ஆ, 10.8-ஆ என்று சொல்வது கஷ்டம். காகிதத்தில் 60-க்கு 60 பத்து அடிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் சராசரி 10.1 என்றால் மொத்தம் 606. இன்னொருவரின் சராசரி 10.8 என்றால் 648. காகிதத்தில் இருவருமே 600. போட்டியில் 42 புள்ளி இடைவெளி.

சுட்ட காகிதத்தை உள்ளே விட்டால் தசமத்தில் புள்ளி சொல்லும் சிறிய கருவிகளும் இருக்கு. ஒரு கிளப்புக்கு அப்படி ஒன்று இருந்தாலே, தன் 10 எந்தப் பத்து என்பது போட்டிக்கு முன்பே வீரருக்குத் தெரிந்துவிடும்.