மூலிகை டானிக்குக்கு மட்டும் ஏன் விலக்கு?

1/ "மூலிகைதானே டாக்டர், பக்கவிளைவே கிடையாது." ஓபியில் தினமும் கேட்கிறேன். யாருங்க சோதிச்சுச் சொன்னது?

2/ 2025-இல் நம்ம சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அலோபதி மருந்துதான், மறைக்கவில்லை. அதில் 48.6% டைஎத்திலீன் கிளைக்கால் நஞ்சு இருந்ததைக் காட்டியது ஆய்வகச் சோதனை.

3/ சித்த, ஆயுர்வேத மருந்துக்கு? பழைய நூலில் உள்ள சரக்கு, அதே நோய் என்றால் பாதுகாப்பு ஆய்வே தேவையில்லை என்கிறது 158பி விதி.

4/ பாட்டிலில் ஈயம் கலந்திருக்கா, கல்லீரலைக் கெடுக்குமா, நோய் குணமாகுமான்னு நூலைப் புரட்டினா தெரியாதுங்க.

5/ சரிகையில் எவ்வளவு வெள்ளின்னு மெஷின்ல வச்சுப் பார்க்கிற ஊரு இது. புள்ளை குடிக்கிற டானிக்குக்கும் அந்தக் கறார் வேணும். எந்த வைத்தியமானாலும் சோதனை ஒண்ணுதான்.