கடிக்கும் முன்பே கவனம்

2005-இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் நாய்க்கு வளர்ப்பவரே உலகம். அந்நியர் என்றால் சந்தேகம். காவலுக்குக் கைகொடுக்கும் இந்தக் குணம், ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலையில் புரட்டாசிச் சனிக்கிழமை சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கத் திரளும் கூட்டத்தில் ஆபத்தாகலாம்.

பிறந்த 3 முதல் 14 வாரங்களுக்குள் சைக்கிள் மணி, சந்தை இரைச்சல், குழந்தைகளின் ஓட்டம் எல்லாம் குட்டிக்குப் பழக வேண்டும். கட்டிப்போட்டே வளர்த்தால் பழகாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 2 ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின, உரிமையாளர் கைதானார். பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி, வளர்ப்பு விலங்கால் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள் உரிமத்தையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கழுத்து வாரையும் புரட்டாசிக்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.